மஞ்சள் தாளும் அன்ரனின் பெல்ட்டும்

வரும் செப்டெம்பரில் என்னுடைய நாற்காலியில் உட்காரப் போகிறவர்களுக்கு முதலில் ஒரு எச்சரிக்கை: அந்த நாற்காலி இடது பக்கம் சாயும். பதினெட்டு வருடமாகத் திருத்தச் சொல்லிக் கேட்டேன். கேட்டுக் களைத்துப் பென்ஷனும் எடுத்துவிட்டேன். இனி உங்கள் பாடு.

மருத்துவ மாணவர்களுக்கு வியாழக்கிழமை வகுப்பை நீங்கள்தான் நடத்தப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரே நகரத்தில், ஒரே ஆஸ்பத்திரி வாசலில், சிலருடைய நோய் மட்டும் ஏன் பிந்திக் கண்டுபிடிக்கப்படுகிறது, நிறமும் மொழியும் பார்க்கிற வேலையும் ஏன் ஒருவருடைய உடம்பில் வந்து இறங்குகின்றன என்று சொல்லிக்கொடுக்கிற வகுப்பு. படங்கள், வரைபடங்கள் எல்லாம் கணினியில் இருக்கின்றன, அவற்றைப் பற்றி நான் பேசப் போவதில்லை. நான் செய்த ஒரு பிழையைச் சொல்லப் போகிறேன். அது கணினியில் இல்லை. ஏனென்றால் அதை நானே அழித்தேன்.

நான் ஏன் இந்த வகுப்பைத் தொடங்கினேன் என்பதை முதலில் சொல்லவேண்டும். கனடாவுக்கு வந்த புதிதில், என் மகள் பிறந்தபோது, ஒரு தாதி என்னிடம் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, உரத்த குரலில் ஆங்கிலம் பேசினார். "நானும் டொக்டர்தான்" என்று அவருக்கு நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இன்னும் உரத்துப் பேசினார். வலி என்று நான் சொன்னது அவருக்குக் கேட்கவேயில்லை. அன்றைக்கே தீர்மானித்தேன், எங்கள் ஆட்களை இந்த நாட்டு டொக்டர்மாருக்கு நான் விளங்கப்படுத்தியே தீருவேன் என்று. நல்ல நோக்கம்தான். பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

ரொறொன்ரோவின் கிழக்கே, அஜின்கோர்ட்டில், எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். பயிற்சிக்கு வரும் மாணவர்களோ எங்கெங்கோ இருந்து வருவார்கள். அவர்களுக்காக நான் ஒரு தாள் தயாரித்தேன். மஞ்சள் நிறம், ஒரே பக்கம், பிளாஸ்டிக் உறை போட்டது. தலைப்பு, "தமிழ் நோயாளியை அறிந்துகொள்ளுங்கள்". அதில் பன்னிரண்டு விஷயங்கள். மெலிந்த உடம்பென்றாலும் நீரிழிவு வரும். மூன்று நேரமும் சோறு. வெள்ளிக்கிழமை விரதம். சுகமாக இருந்தால் மருந்துக் குளிசையை நிறுத்திவிடுவார்கள். வலியைப் பிந்தித்தான் சொல்வார்கள். பாகற்காய்ச் சாறு குடிப்பார்கள், கேட்டால் மட்டும் சொல்வார்கள். இப்படி.

மாணவர்களுக்கு அந்தத் தாளில் ஒரு மோகம். வெள்ளை அங்கியின் பையில் செருகி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். மிசிசாகாவில் ஒரு கிளினிக்கிலிருந்து தொலைபேசி எடுத்து, தங்களுக்கும் பிரதி வேண்டும் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் என் கணவரிடம், "இனி எங்கட சனத்துக்கு நல்ல காலம்" என்று சொன்னேன். அவர், "அதிலை புருஷன்மாரைப் பற்றி ஒண்டும் போடேல்லையோ?" என்று கேட்டார்.

அந்தக் காலத்தில்தான் அன்ரன் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். நாற்பத்து நாலு வயது, ஒல்லி, மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர், கழுத்தில் சின்னச் சிலுவை. விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கிற ஒரு தொழிற்சாலையில், மிசிசாகாவில், பின்னேர ஷிஃப்ட். வேலைக்கு எடுத்துவிட்டது ஒரு ஏஜென்சி. அஜின்கோர்ட்டிலிருந்து அங்கே போக மூன்று பஸ். ஒன்றரை வருடத்துக்கு முன்னர் அவருக்கு நீரிழிவு என்று கண்டுபிடித்துக் குளிசை கொடுத்திருந்தேன். முதலில் கட்டுப்பட்டது, பிறகு ஏறத் தொடங்கியது.

அந்த மார்கழியில் அவரை முதலில் பார்த்தவன் என்னுடைய கெட்டிக்கார மாணவன். எல்லாப் பரீட்சையிலும் முதலாவதாக வருகிறவன். மஞ்சள் தாளை மனப்பாடம் செய்திருந்தான். மொழிபெயர்க்க எங்கள் வரவேற்பாளரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, பன்னிரண்டு கேள்வி கேட்டான். சோறு சாப்பிடுகிறீர்களா? ஓம். குளிசை சில நேரம் மறக்குமா? ஓம். வெள்ளிக்கிழமைகளில் விரதமா? அதற்கும் ஓம். கழுத்தில் சிலுவையோடு இருக்கிற மனிதரிடம் அவன் முருகன் விரதத்தைக் கேட்டிருக்கிறான். அன்ரனும் தவக்கால வெள்ளியில் இறைச்சி சாப்பிடாததை நினைத்து ஓம் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டுக்கும் பன்னிரண்டு ஓம்.

மூன்று நிமிடத்தில் வெளியே வந்து எனக்கு அழகாக ஒப்புவித்தான். நான் அவனுக்கு முழுப் புள்ளி போட்டேன். பிறகு உள்ளே போய் அன்ரனுக்கு ஏசினேன்.

"அன்ரன், உந்தச் சோத்தைக் குறையும் எண்டு எத்தினை தரம் சொல்லுறது? பிறகு கால் போச்சு, கண் போச்சு எண்டு வந்து நிக்கப்படாது."

"ஓம் டொக்டர்."

தராசில் ஏறினார். நாலு கிலோ குறைந்திருந்தது. "ஆ, பாரும், மெலிஞ்சிட்டீர். நல்ல விஷயம். இப்பிடியே கொண்டு போம்" என்று முதுகில் தட்டினேன். அவருடைய முகம் மலர்ந்தது. என்னிடம் பாராட்டு வாங்குவது லேசான காரியம் இல்லை என்று கிளினிக்கில் எல்லோருக்கும் தெரியும்.

இதில் என்ன பிழை என்று உங்களில் சிலர் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு மூன்று மாதம் எடுத்தது. அதுவும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை.

பங்குனியில் அபி என்று ஒரு மாணவி வந்தாள். இங்கே பக்கத்திலேயே, யூனியன்வில்லில், பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டாள். முதல் நாளே மஞ்சள் தாளைக் கையில் கொடுத்தேன். அவள் முன்னும் பின்னும் பார்த்தாள். பின்பக்கம் வெறுமை.

"டொக்டர், சொறி, என்ர அப்பா இதில இல்லை."

"என்ன பிள்ளை?"

"அவர் மோர்னிங் ஓட்ஸ்தான் சாப்பிடுறவர். ஃபாஸ்டிங் ஒண்டும் இல்லை. குளிசை எல்லாம் போனில அலாரம் வச்சுத்தான் போடுறவர்."

"உம்மட அப்பா ஒரு விதிவிலக்கு" என்றேன்.

"அப்ப அம்மாவும்?"

வாய்க்காரி என்று மனதுக்குள் எழுதிவைத்தேன். தாளையும் அவள் பையில் வைக்கவில்லை, மேசையில் விட்டுவிட்டுப் போனாள். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, எங்கள் சனத்தை முப்பது வருடம் பார்த்தவள். ஓட்ஸ் சாப்பிடுகிற அப்பாவை வைத்துக்கொண்டு இவள் எனக்குப் படிப்பிக்கிறாளோ என்றிருந்தது.

இரண்டு கிழமை கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை, அன்ரன் வந்தார். வெயிட்டிங் ரூமில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் நாற்பது நிமிடம் பிந்திப் போயிருந்தேன். அபியை அன்ரனிடம் அனுப்பிவிட்டு நான் மற்ற நோயாளிகளைப் பார்த்தேன். பத்து நிமிடம் போயிற்று. பதினைந்து. இருபது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு எரிச்சல் வந்தது.

உள்ளே நடந்ததைப் பிறகு இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள். அபிக்கு வைத்தியக் கேள்விகளைத் தமிழில் கேட்கத் தெரியாது. மொழிபெயர்ப்புக்கு ஆளைக் கூப்பிட வெட்கம். ஆகவே தனக்குத் தெரிந்த தமிழில், ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருக்கிறாள்.

"அங்கிள், நேற்று என்ன செய்தீங்கள்? எழும்பினதில இருந்து சொல்லுங்கோ. ஸ்லோவா."

இதற்கு ஓம் என்று பதில் சொல்ல முடியாது. அன்ரன் சொல்லத் தொடங்கியிருக்கிறார். எழும்பினேன், வெறுந்தேத்தண்ணி, சீனி இல்லை. பிறகு? அவித்த முட்டை ஒன்று, வெள்ளரிக்காய். வெள்ளரிக்காய் என்றால் என்ன என்று இவள் கேட்க, அவர் ஒரு கடதாசியில் படம் கீறிக் காட்டியிருக்கிறார். பார்த்தால் அது விமானம் மாதிரி இருந்ததாம். சிரிப்பு அதற்குத்தான். பிறகு? வேலை. அங்கே? தண்ணி குடிப்பதில்லை. ஏன்? குடித்தால் அடிக்கடி ஒண்டுக்குப் போகவேண்டும். சாப்பாடு அடைக்கிற லைனை விட்டுப் போவதற்கு ஒவ்வொரு தரமும் சூப்பர்வைசரிடம் கை உயர்த்திக் கேட்கவேண்டும். நாலாம் தரம் கேட்டபோது மற்றவர்கள் சிரித்தார்களாம். அதோடு தண்ணீரை நிறுத்திவிட்டார்.

"நீங்கள் மெலிஞ்சிட்டீங்களா?" என்பதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அபி தன் இடுப்பைப் பிடித்துக் காட்டியிருக்கிறாள். அவர் சட்டையை உயர்த்தித் தன் பெல்ட்டைக் காட்டினார். அதில் கடையில் போட்ட ஓட்டைகளுக்கு உள்பக்கமாக, ஆணியால் குத்தின நாலு ஓட்டைகள்.

அபி வெளியே வந்து என்னைப் பிடித்தாள்.

"டொக்டர், அங்கிள் சோறு சாப்பிட்டு மூண்டு மாசம். நீங்கள் ஏசின நாளோட ஸ்டொப் பண்ணிட்டாராம்."

"சோறு சாப்பிடேல்லை எண்டு எல்லாரும்தான் சொல்லுவினம் பிள்ளை. எனக்கு எங்கட ஆக்களைத் தெரியும். குளிசையைக் கூட்டி எழுதும், நான் கையெழுத்து வைக்கிறன்."

என் கை அடுத்த அறைக் கதவில் இருந்தது. அவள் நகரவில்லை. அவளுடைய கழுத்து சிவந்துபோயிருந்ததை இப்போதும் நினைவிருக்கிறது. என் புள்ளியில்தான் அவளுடைய அந்தத் தவணை தங்கியிருந்தது, அது அவளுக்கும் தெரியும்.

"இல்லை டொக்டர். நான் எழுதேல்லை. நீங்கள் வந்து பெல்ட்டைப் பாருங்கோ. ப்ளீஸ்."

போனேன். அவளுக்குப் பாடம் படிப்பிக்கத்தான் போனேன். உள்ளே போய் அன்ரனைப் பார்த்தேன். உண்மையில் அன்றைக்குத்தான் முதன்முதலாக அவரைப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நாக்கு காய்ந்திருந்தது. கதிரையில் சும்மா இருக்கிற மனிதர் ஆழமாக மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். காலையில் இரண்டு தரம் சத்தி எடுத்தேன், பஸ் ஒத்துக்கொள்ளவில்லை போல என்றார்.

விரலில் குத்திப் பார்த்தோம். மீட்டர் எண்ணைக் காட்டவில்லை, தன்னால் அளக்கக்கூடியதற்கு மேலே போய்விட்டது என்று மட்டும் காட்டியது. சிறுநீரில் வைத்த சோதனைப் பட்டி, கத்தரிக்காய்த் தோல் மாதிரி ஊதாவாகியது. அவருடைய உடம்பு இன்சுலின் செய்வதையே நிறுத்திக்கொண்டு வந்திருக்கிறது. சோற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, என் குளிசைகளாலும் பயனில்லை. சாப்பாட்டைக் குறைக்கக் குறைக்க உடம்பு தன்னையே எரித்திருக்கிறது. நான் அதற்கு முதுகில் தட்டிப் பாராட்டியிருக்கிறேன்.

இந்த வகை நீரிழிவு யாருக்கும் வரலாம். வேறொரு நிறத்தில், வேறொரு பெயரோடு, ஒல்லியான ஒரு நடுவயதுக்காரர் நிறை குறைந்து வந்திருந்தால் எனக்கு அது உடனே ஞாபகத்துக்கு வந்திருக்கும். அன்ரன் தமிழர் என்பதால் வரவில்லை. மெலிந்த தமிழருக்கும் நீரிழிவு வரும் என்று என் தாளின் முதல் வரியே சொல்கிறதே, பிறகென்ன யோசிக்க இருக்கிறது? அந்த வரி உண்மை. உண்மையை வைத்துக்கொண்டே ஒரு மனிதரைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன்.

"அன்ரன், இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். இது விளையாட்டில்லை. விளங்குதோ?"

"ஓம் டொக்டர்."

நான் கடிதம் எழுதத் திரும்பிவிட்டேன். அபிதான் கேட்டாள்.

"அங்கிள், இப்ப இந்தக் கதவால வெளிய போறீங்கள். பிறகு?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "பஸ் எடுத்து வேலைக்குப் போட்டு... இரவு பத்துக்கு ஷிஃப்ட் முடியும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போறன் பிள்ளை. இண்டைக்குப் போகாட்டி ஏஜென்சிக்காரர் திங்கட்கிழமை கூப்பிடமாட்டினம்."

என் பேனா நின்றுவிட்டது. அவள் கேட்டிருக்காவிட்டால், கடிதத்தைக் கொடுத்து, பத்திரம் என்று சொல்லி, அடுத்த நோயாளியிடம் போயிருப்பேன். அவர் இரண்டாவது பஸ்ஸில் விழுந்திருப்பார்.

அன்றைக்கு அதற்குப் பிறகு நான் செய்த ஒரே நல்ல காரியம், அவசரப்படுவதை நிறுத்தியது. அம்புலன்ஸைக் கூப்பிட்டோம். அவருடைய சம்மதத்தோடு ஏஜென்சிக்கு நானே போன் எடுத்தேன். காத்திருக்கச் சொல்லி ஒரு பாட்டுப் போட்டார்கள். பன்னிரண்டு நிமிடம். அந்தப் பாட்டு இன்றைக்கும் நான் கறி காய்ச்சும்போது வாயில் வரும். கடைசியில் ஒரு பெண் வந்தார். எனக்கு ஒரு குரல் இருக்கிறது, உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அதை எடுத்தேன். திங்கட்கிழமை மட்டுமல்ல, இரண்டு கிழமை கழித்தும் அந்த வேலை அன்ரனுக்கு இருக்கும் என்று எழுத்தில் அனுப்பிவைத்தார்.

வெயிட்டிங் ரூம் வழியாகப் படுக்கையில் போனால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று அன்ரன் அழுங்குப்பிடி பிடித்தார். அம்புலன்ஸ்காரர்கள் சிரித்துக்கொண்டே பின்கதவால் கொண்டுபோனார்கள். அபி அவருடைய சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். உள்ளே வெள்ளரிக்காய்.

நான் திரும்பி வந்து என் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்சம் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு, காத்திருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு வேலையைப் பார்த்தேன். நீங்களும் ஒரு நாள் அப்படி அழுவீர்கள். கதவைச் சாத்த மறக்காதீர்கள்.

அன்ரன் ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனார். இன்சுலின் போடத் தொடங்கினார். ஆறு மாதத்தில் கன்னம் வந்துவிட்டது, சோறும் திரும்பி வந்துவிட்டது, அளவோடு.

மஞ்சள் தாளை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். முதலில் திருத்தப் பார்த்தேன். பதின்மூன்றாவதாக ஒரு வரி சேர்க்கலாமோ என்று யோசித்தேன். அபி கேட்டாள், "பிறகு ஃபோர்ட்டீன்?" அன்றைக்கே எல்லாவற்றையும் கிழித்தேன். பிளாஸ்டிக் உறை போட்டதைக் கிழிப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் வகுப்பை நிறுத்தவில்லை. எங்கள் சனத்துக்கு எது கூடுதலாக வருகிறது என்பதை மாணவர்கள் கட்டாயம் படிக்கவேண்டும். எங்கே தேடத் தொடங்கலாம் என்று அந்தப் படிப்புச் சொல்லும். முன்னால் இருக்கிற ஆளைப் பற்றி அந்த ஆள்தான் சொல்லவேண்டும். ஏற்றத்தாழ்வு அன்ரனின் தட்டில் இருக்கிறது என்று நான் நினைத்தேன். அது கை உயர்த்தி ஒண்டுக்குப் போகிற அந்த லைனிலும், என்னுடைய மூன்று நிமிடத்திலும் இருந்தது.

அந்தத் தாளுக்குப் பதிலாக அன்ரனைப் போட்டேன். அவரே விரும்பி வந்தார். வருடத்துக்கு இரண்டு வியாழக்கிழமை, புதிய மாணவர்களுக்கு முன்னால் வந்து உட்காருவார். அவர்கள் கேள்வி கேட்கவேண்டும். அவருக்கு ஒரே ஒரு விதி: தலையாட்டக்கூடிய கேள்வி எதுவென்றாலும் ஓம் சொல்வது. மஞ்சள் காமாலை வந்ததா? ஓம். புகைப்பீர்களா? ஓம். சந்தேகப்பட்டு ஒருவன், கர்ப்பமாக இருக்கிறீர்களா என்றும் கேட்டான். அன்ரன் வயிற்றைத் தடவிக்கொண்டு ஓம் சொன்னார். யாராவது ஒருத்தர், நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்கும்வரைக்கும் இது ஓடும். ஆகக் கூடியதாக முப்பத்தைந்து நிமிடம் ஓடியது, அது பேராசிரியர்கள் கலந்துகொண்ட அமர்வு.

அந்தப் பொறுப்பும் இனி உங்களுடையது. அபியும் இப்போது டொக்டராகி உங்களோடு சேர்ந்து வகுப்பெடுக்கிறாள். அவளுடைய தமிழ் இன்னும் திருந்தவில்லை. தயவுசெய்து திருத்தவேண்டாம்.

போன மாதம் எனக்குப் பிரியாவிடை நடந்தது. கேக் வெட்டினார்கள், நல்லதாக நாலு பொய் சொன்னார்கள். அன்ரனும் வந்திருந்தார், கேக்குக்கு எவ்வளவு இன்சுலின் என்று கணக்குப் பார்த்துவிட்டு இரண்டு துண்டு எடுத்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அன்ரன், நான் உம்மை நல்லாய்த்தானே பாத்தனான்?"

"ஓம் டொக்டர்."

எதிரே இருந்த அபி என்னைப் பார்த்தாள். புருவத்தை உயர்த்தினாள். பதினெட்டு வருடம் படிப்பித்தவள் நான். திரும்பக் கேட்டேன்.

"மார்கழிக்கும் பங்குனிக்கும் இடையில என்ன நடந்தது? முதல்ல இருந்து சொல்லும்."

அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"தை மாசமே எனக்கு ஏலாமப் போச்சு டொக்டர். மாடிப்படி ஏறேலாது. உங்களிட்டை வருவம் எண்டு ரெண்டு தரம் போனைக் கையிலை எடுத்தனான். பிறகு வைச்சிட்டன். நான் மெலிஞ்சதைப் பாத்து நீங்கள் அவ்வளவு சந்தோசப்பட்டனீங்கள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை."

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அன்ரன் எனக்கும் ஒரு துண்டு கேக் எடுத்துத் தந்தார். வியாழக்கிழமை வகுப்பில் இதையும் சொல்லட்டோ என்று கேட்டார். சொல்லும் என்றேன். எத்தனை மணிக்கு வருவீர், எந்தப் பஸ்ஸில் வருவீர் என்று நான் கேட்டேன்.